வரைபடத்தில் இல்லாத வீடு

இதை உடனே உங்களிடம் சொல்லியாக வேண்டும், மக்களே!

எழும்பிப் போகச் சொல்லிக் கடிதம் வந்திருக்கும் வாவிக்கரைக் குடும்பங்களைப் பற்றி நான் எடுத்த குறும்படத்தை, இன்று தன்னாமுனை ஊர் மண்டபத்தில் அவர்களுக்கே முதலில் போட்டுக் காட்டினேன். அந்தக் கடிதத்தை அனுப்பிய காணி உத்தியோகத்தரும் வந்திருந்தார்.

படம் முடிந்ததும், அங்கே குடியிருக்கும் பாக்கியம் அக்கா எழுந்தார்.

"ஐயா, இந்தப் படத்தில எங்கட ஊடு இரிக்கி. உங்கட வரைபடத்தில மட்டும் ஏன் வெறும் கரையா இரிக்கி?"

உத்தியோகத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"திங்கக்கிழம அளக்கிற ஆக்களோட வாறன், அக்கா. எல்லா வீட்டையும் பதியிறம்."

கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. நான் அழுதேவிட்டேன்.

ஓடிப்போய் அக்காவைக் கட்டிப்பிடித்தால், அவருக்கு என் மேல் கோபம்.

"அண்டைக்குப் படம் எடுக்கக்குள்ள, நல்ல சீல கட்டிட்டு வாறன் எண்டன், கேட்டியா நீ?"

இதற்கு என்ன பதில் சொல்வது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.