கடல் இல்லாத பூமி

போன ஞாயிறு பண்டாரவளைக் கோவிலில் வேதாகமத்தின் கடைசிப் பகுதியை வாசித்தார்கள். புதிய பூமியில் கடல் இருக்காது என்ற இடம் வந்ததும் எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சின்னக் கோவில் ஞாபகம் வந்தது. நனைந்த கம்பளிகளின் வாசனைக்கு நடுவே உபதேசியார் அதையே வாசித்தபோது எனக்கு எட்டு வயது. அதுவரை நான் கடலைப் பார்த்ததில்லை.

"கடல ஏங்கய்யா ஆண்டவரு இல்லாம ஆக்குறாரு?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "அது தண்ணிய சொல்லல பாப்பா. இத எழுதினவரு ஒரு தீவுல கைதியா இருந்தாரு. அவரோட சனமெல்லாம் அக்கரையில. அவருக்குக் கடல்னா பிரிவு."

பக்கத்திலிருந்த அம்மா மெதுவாகக் கேட்டாள். "என் தங்கச்சி கப்பலேறிப் போன கடலும் இருக்காதுங்களா?"

"இருக்காதும்மா."

குடியுரிமை ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட சின்னம்மாவைப் பற்றி வீட்டில் யாரும் பேசமாட்டோம். பேசினால் அம்மா சாப்பிடமாட்டாள். அன்று எங்கள் லயத்து வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவளே பேசிக்கொண்டு வந்தாள். சின்னம்மா பாடிக்கொண்டேதான் கொழுந்து பறிப்பாளாம்; அட்டை கடித்தால் மட்டும் பாட்டு நிற்குமாம். சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள்.

அக்காளும் தங்கையும் மறுபடி சந்திக்கவே இல்லை. இப்போது இருவரும் இல்லை. ஞாயிறு ஜெபத்தில் இரண்டு பெயர்களையும் சேர்த்தே சொன்னேன்.