பாரமில்லாத துவக்கு

போன ஞாயிறு பின்னேரம் மகள் மலையிலிருந்து வந்தாள். பல்கலைக்கழகக் கூட்டாளிகளோடு மதோனியே மலையில் நடை. வந்ததும் வராததுமாகச் சப்பாத்தைக் கதவடியில் கழற்றி எறிந்துவிட்டு, கையில்லாச் சட்டையோடு குசினிக் கதிரையில் சாய்ந்தாள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவளுடைய வலது தோளில் சிவப்பாக ஒரு கோடு. கழுத்தடியில் தொடங்கி அக்குள் பக்கம் இறங்கியிருந்தது.

"மூடு! தோளை மூடு! எதையாவது எடுத்துப் போர்த்து!"

நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரி துடைப்பக் கட்டையால் முகட்டில் தட்டினாள். இத்தாலியில், சீசாப் பகுதியில் எங்கள் கட்டடம் அப்படி. இங்கே ஒருவர் தும்மினால் அடுத்த வீட்டிலிருந்து 'சலூத்தே' என்று வாழ்த்துவார்கள்.

"மாதோன்னா! ஏனப்பா கத்துறீங்கள்? பையின்ரை வார் ஒண்டு அறுந்துபோச்சு. ஒரு தோளிலை போட்டுக்கொண்டு வந்தனான். அவ்வளவுதான்" என்றாள் மகள்.

மனைவி உள்ளே போய் ஒரு துவாயை எடுத்துவந்து மகளின் தோளில் போட்டாள். அவளும் எங்கள் ஊர்க்காரிதானே, அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு நான் அந்தத் துவாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காலத்தில் நானும் தோளில் துவாயோடு அதே மலையில் ஏறியவன். என் துவாய்க்கு மேலே தொங்கியது துவக்கு.

பயப்படாதீர்கள், நான் எந்தப் படையிலும் இருந்தவனில்லை. நான் இருந்தது ஒரு அவ்வொகாத்தோ வீட்டில், அதாவது வக்கீல் வீட்டில், வேலைக்காரனாக. தரை துடைப்பது, சட்டை மினுக்குவது, வெள்ளிக் கரண்டிகளைப் பூசித் துடைப்பது. மினுக்குவதில் நான் கெட்டிக்காரனென்று வீட்டம்மா, சின்யோரா, சொல்வா. துடைப்பதில் அப்படிச் சொன்னதாக ஞாபகமில்லை. அவ்வொகாத்தோவுக்கு என் பெயர் நீளமாக இருந்ததாம். முதல் நாளே என்னை 'ஜீனோ' ஆக்கிவிட்டார். அந்த வீட்டு நாய்க்கு மட்டும் வைத்த பெயர் முழுசாக இருந்தது.

அந்த மனிசனை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. செத்துப்போய் எத்தனையோ காலம். இருந்தும் பிடிக்காது.

வேட்டைக் காலம் வந்தால் சனிக்கிழமைகளில் அவருக்குக் காட்டுப்பன்றிப் பைத்தியம் பிடிக்கும். விடியவே காரில் ஏற்றிக்கொண்டு மதோனியேக்குப் போவார். ஒற்றையடிப் பாதை, கல்லு, முள்ளு, மேலே போகப் போகப் பனி. தண்ணீர், பாண், பாற்கட்டி எல்லாம் என் முதுகில். அவருடைய துவக்கும் என் தோளில். அவர் கையில் ஒரு பொல்லு மட்டும். அனுமதிப் பத்திரம் இல்லாதவன் துவக்கைச் சுமந்தால் குற்றமென்பது வக்கீலுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வனக்காவலரின் ஜீப் சத்தம் கேட்டால் போதும், பாய்ந்து வந்து என் தோளிலிருந்து துவக்கைப் பறித்துத் தன் தோளில் மாட்டிக்கொள்வார். ஜீப் போனதும் திரும்ப என்னிடம் நீட்டுவார். பிடிபட்டிருந்தால் அவருக்கு ஒரு கண்டிப்பு. எனக்குப் பெர்மெஸ்ஸோ, அதுதான் வதிவிட அனுமதி, போயிருக்கும். க்வெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோர் வாசலில் மழையிலும் வெயிலிலும் நின்று எடுத்த பெர்மெஸ்ஸோ.

ஆனால் உண்மையைச் சொன்னால் நான் பயந்தது ஜீப்புக்கும் இல்லை. தோளுக்குத்தான்.

எங்கள் ஊர்ச் சோதனைச் சாவடிகளைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். இளந்தாரி என்றால் சிப்பாய்கள் சைக்கிளால் இறக்கி, சட்டையைக் கழற்றச் சொல்வார்கள். முழங்கையைப் பார்ப்பார்கள், முழங்காலைப் பார்ப்பார்கள். கடைசியாகத் தோள். துவக்கு வார் பட்ட தடம் இருக்கிறதா என்று பெருவிரலால் அமத்திப் பார்ப்பார்கள். தடம் இருந்தால் இயக்கக்காரன்தான், அதற்குமேல் விசாரணை இல்லை. நேரே வாகனத்தில் ஏற்றுவதுதான்.

என் அண்ணா அப்படித்தான் போனவர். துவக்கை அவர் கிட்ட நின்று பார்த்ததுகூட இல்லை. எங்கள் மிளகாய்த் தோட்டத்துக்கு மருந்தடித்துவிட்டு, மருந்துத் தாங்கியைக் கொட்டிலில் வைத்துவிட்டு, சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். தாங்கி நிறைய மருந்தோடு காலையிலிருந்து நின்ற மனிசனுக்குத் தோளில் வார்த் தடம் இல்லாமல் இருக்குமா? சாவடியில் அவரை மறித்ததைப் பின்னால் வந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். "நான் தோட்டம் செய்யிறனான் ஐயா, கையை மணந்து பாருங்கோ" என்று கெஞ்சினாராம். ஒருவரும் மணந்து பார்க்கவில்லை. அம்மா முகாம் முகாமாக அலைந்தா. தங்களிடம் அண்ணா இல்லை என்றார்கள், எங்களிடமும் இல்லை.

இப்படியொரு குடும்பத்தில் பிறந்தவன், வெளிநாடு தப்பி வந்து, சம்பளத்துக்குத் துவக்குச் சுமக்கிறான். என் சாதகத்தை எழுதியவர் நிச்சயம் நக்கல்காரர்தான்.

அதனால்தான் துவாய். பழைய துவாயொன்றை நாலாக மடித்துச் சட்டைக்குள் தோளில் வைத்து, அதற்குமேல் வாரைப் போடுவேன். தையில் எனக்கு ஊரில் கலியாணம். அம்மா பெண் பார்த்து நாளும் வைத்துவிட்டா. ஊரைவிட்டு வந்தபின் முதல் தடவையாகப் போகப்போகிறேன், வழியெல்லாம் சாவடி. தோளில் ஒரு கீறலும் விழாமல் போய்ச்சேர வேண்டும். இவ்வளவுதான் என் கவலை.

ஒருநாள் ஏற்றத்தில் அவ்வொகாத்தோ திரும்பிப் பார்த்தார். நான் துவாயைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"பெசாந்தே?" என்றார். பாரமா என்று கேட்கிறார்.

என் இத்தாலியன் அப்போது வாளி, தும்புத்தடி, இஸ்திரிப்பெட்டியைத் தாண்டாதது. பாரம் என்ற சொல் தெரியும். ஓம் என்று தலையாட்டிவிட்டேன்.

அவ்வளவுதான், பிடித்தது சனி. தன் வேலைக்காரனுக்குப் பாரமாம், பாரமில்லாத துவக்கு வாங்கப்போகிறாராம். வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோரிடமும் இதைச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று நன்றியோடு சிரிக்க வேண்டும். சிரித்தேன். கன்னம் நொந்தது.

வியா மக்வேதா என்ற பெரிய வீதிக்குப் பின்னாலுள்ள ஒரு ஒழுங்கையில் துவக்குக் கடை இருந்தது. கதவைத் திறந்தால் துவக்கெண்ணெய் மணம். மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு அது சாவடி மணம். சட்டையில்லாமல் வரிசையில் நிற்கும்போது மூக்கில் ஏறுகிற மணம். கடை வாசலிலேயே நான் நின்றுவிடுவேன். அவ்வொகாத்தோ என் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளுவார்.

கலியாணத்துக்கு உடுப்புத் தைக்க அளவெடுப்பார்களே, அப்படிக் கடைக்காரர் ஒவ்வொரு துவக்காக என் தோளில் மாட்டுவார். வால்நட் மரப் பிடி வைத்தது, பிளாஸ்டிக் பிடி வைத்தது, குழல் மெலிந்தது, குழல் குட்டையானது. கடைக்காரர் தன் தொழிலை விரும்பிய மனிசன், மறைக்காமல் கதைப்பார். கடையில் தூக்கிப் பார்க்கிற பாரம் வேறு, மலைக்குப் போகிற பாரம் வேறு, குறி பார்க்கும் கண்ணாடி, தோட்டா, வார் எல்லாம் பிறகுதான் ஏறும் என்பார். துவக்கு மெலிய மெலியச் சுடும்போது தோளில் உதை பலமாக விழும், ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது மெல்லிய குழல் ஆடும், கொஞ்சம் பாரம் இருந்தால்தான் கை நடுங்காது என்பார். அவ்வொகாத்தோ கேட்கவில்லை. இன்னும் குறைந்தது இல்லையா, இன்னும் குறைந்தது இல்லையா என்று நின்றார். தோள் என்னுடையது, பிடிவாதம் அவருடையது.

"ஜீனோ, நீ சொல். எது நல்லது?" என்றார் கடைசியில்.

நான் பிடியையும் பார்க்கவில்லை, குழலையும் பார்க்கவில்லை. எனக்கு வேண்டியது வார். அலுமாரி மூலையில் ஒரு பழைய துவக்கு சாய்ந்து கிடந்தது. கடையிலேயே ஆகப் பாரமானது அதுதான். ஆனால் அதன் வார் உள்ளங்கை அகலத்துக்குத் தோல், உள்ளே கம்பளித் துணி வைத்துத் தைத்தது. அதைக் காட்டினேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இவனுக்கு ஒன்றும் தெரியாது" என்றார் அவ்வொகாத்தோ. வாரை மட்டும் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கலாம்தான். அந்தப் புத்தி வீட்டுக்குப் போய்ப் படுத்தபிறகுதான் வந்தது.

ஆகப் பாரமில்லாத துவக்கை அவர் வாங்கினார். அதன் வார் எப்படி என்கிறீர்கள்? நாடா. பாரத்தைக் குறைக்கவென்றே செய்த மெல்லிய நைலோன் நாடா.

முதல் பயணத்தில், காரிலிருந்து இறங்கியதும், சட்டைக்குள் கைவிட்டு என் துவாயை உருவி எடுத்தார். "இனி இது எதுக்கு? உனக்காகத்தானே வாங்கினேன்" என்று சிரித்துக்கொண்டே பின்னிருக்கையில் எறிந்தார். அன்று மழையும் சேர்ந்துகொண்டது. நனைந்த நாடா நனைந்த சட்டைக்கு மேல் அறுத்துக்கொண்டே வந்தது. பன்றியும் கிடைக்கவில்லை. ரயில் ஸ்தாசியோனேக்குப் பின்னாலிருந்த எங்கள் அறைக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். அச்சொட்டாக அண்ணாவின் தடம்.

அறையில் என்னோடு இருந்தவன் மன்னார் அன்ரன். கோயில் பாட்டுக் குழுவில் உரத்துப் பாடுகிறவன். அவன் பார்த்துவிட்டு யோசனை சொன்னான்.

"மற்றத் தோளிலையும் ஒண்டு வரப்பண்ணு. பை தூக்கினது எண்டு சொல்லலாம்."

"ரண்டு பக்கமும் இருந்தால் ரண்டு துவக்கு எண்டு சொல்லுவான்ரா."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவன் தேங்காயெண்ணெய் பூசிவிட்டான்.

அடுத்த சனி, கார் நின்ற இடத்தில் அவ்வொகாத்தோ துவக்கை நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு "இயோ நோ" என்றேன். நான் மாட்டேன் என்பதற்கு எனக்குத் தெரிந்த இத்தாலியன் அவ்வளவுதான். சட்டையை விலக்கித் தடத்தைக் காட்டினேன். என் கலியாணம், சிப்பாய், பெருவிரல், என் அண்ணா எல்லாவற்றையும் குசினிச் சொற்களாலும் கையாலும் காட்டிச் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை என்றால் மன்னித்திருப்பேன். விளங்கியது. முழுவதும் கேட்டார்.

"அது அங்கே. இங்கே உன் தோளை யார் பார்க்கப்போகிறார்கள்? பிடி" என்றார்.

நான் கையை எடுக்கவில்லை. பெர்மெஸ்ஸோவும் இந்த வேலை ஒப்பந்தமும் ஒன்றோடொன்று கட்டியது என்பது தெரிந்துதான் நின்றேன். கடைசியில் ஏதோ ஏசிக்கொண்டு துவக்கைத் தானே மாட்டிக்கொண்டு ஏறினார். அன்று முழுக்க அவர் முன்னே, நான் பின்னே. தன் துவக்கின் பாரத்தை அவர் அறிந்த முதல் நாள் அது.

மறுநாள் வீட்டில் விருந்து. வக்கீல்மார், அவர்களின் பெண்சாதிமார். நான் மேசையைச் சுற்றிப் பஸ்தா பரிமாறிக்கொண்டிருந்தேன். நடுவில் அவ்வொகாத்தோ எழுந்து, கழுத்துப் பட்டியை இழுத்துவிட்டு, சட்டைப் பொத்தான்களைக் கழற்றித் தோளைத் திறந்து காட்டினார். நல்ல வெள்ளைத் தோளில் நாடாக் கோடு, நீலமும் சிவப்புமாக. "இதுதான் வேட்டைக்காரனின் முத்திரை!" என்றார். மேசை முழுக்கக் கைதட்டியது. ஒரு அம்மா எட்டி அதைத் தொட்டுக்கூடப் பார்த்தா.

நான் தட்டோடு நின்று பார்த்தேன். அதே இடம். அதே கோடு. இவருக்குக் கைதட்டல். அந்தத் தட்டை அவர் தலையில் கவிழ்க்கவில்லையே என்று இன்றும் சில நாள் கவலைப்படுவேன். கவிழ்க்கவில்லை. அடுத்தவருக்குப் பரிமாறினேன். கோப்பைகள் எல்லாம் கழுவி முடிந்தபின், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று வாசலில் வைத்துச் சொன்னார். சின்யோரா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றா. நான் துடைத்த தரை.

பிறகு மாடிப்படி கழுவும் வேலை தேடி எடுத்து, பெர்மெஸ்ஸோவைக் காப்பாற்றினேன். தையில் ஊருக்கும் போனேன். வழியில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன். தடம் மங்கி, வெயிலில் பார்த்தால் கொஞ்சம் மஞ்சள். பெருவிரல் வந்து அமத்தியது, கொஞ்ச நேரம் நின்றது. எடுத்தது. போ என்றார்கள். கலியாணப் பந்தலில் மனைவி என் முகத்தைப் பார்க்குமுன் தோளைத்தான் பார்த்தாளாம். இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது அந்த ஒழுங்கையில் துவக்குக் கடை இல்லை. உல்லாசப் பயணிகள் நின்று குடிக்கிற கடையொன்று அங்கே இருக்கிறது. எண்ணெய் மணம் போய்த் தோடம்பழ மணம் வந்துவிட்டது. அன்ரன் லண்டன் போய்விட்டான். அவ்வொகாத்தோ இல்லை, அவருடைய வீடும் கைமாறிவிட்டது. ஊரில் அந்தச் சாவடி இருந்த இடத்தில் பஸ் தரிப்பிடம். அம்மா, காணாமல்போனவர்களின் தாய்மாரோடு சேர்ந்து, அண்ணாவின் படத்தோடு வீதியோரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்தே போய்ச் சேர்ந்தா.

திங்கள் காலை, நான் வேலைக்குச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருக்கையில், மகள் நித்திரைக் கண்ணோடு வந்து துவாயை விலக்கித் தோளைக் காட்டினாள்.

"பாருங்கோ அப்பா, ஒண்டுமே இல்லை. இதுக்குப்போய்க் கத்தினீங்கள்."

குனிந்து பார்த்தேன். பெருவிரலால் அமத்தியும் பார்த்தேன். ஒன்றுமே இல்லை, ஒரு இரவில் போய்விட்டது. அண்ணாவினுடையதும் மருந்துத் தாங்கித் தடம்தானே, விடிய எழும்பிக் குளித்திருந்தால் அதுவும் போயிருக்கும்.