முதல் சுற்றில எடுக்கமாட்டன்

எங்கள் அணி தோற்கும். அதில் ஒரு சந்தேகமும் வேண்டாம். அமெரிக்காவில் எங்கோ ஒரு நகரத்துக் கூடைப்பந்து அணியை ஜெர்மனியில் ஹனோவரில் இருந்துகொண்டு நாங்கள் நான்கு பேர் ஏன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டோம் என்று கேட்டால் எனக்கே தெரியாது. தோற்கிற அணிக்கு ஒரேயொரு ஆறுதல் உண்டு. ஒவ்வொரு வருஷமும் அணிகள் வரிசையாக நின்று கல்லூரிப் பெடியன்களைச் சுற்றுச் சுற்றாகத் தெரிவு செய்யும்போது, மோசமாகத் தோற்றவர்களுக்கு வரிசையில் முன்னிடம் கிடைக்கும். ஆகவே எங்கள் அணியின் ஆட்டத்தை நாங்கள் பார்ப்பதே இல்லை. அதைப் பார்த்து யார் வயிறெரிவது? அடுத்து யாரை எடுக்கலாம் என்று கல்லூரி ஆட்டங்களைத்தான் பார்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமை ஊரிலுள்ள கடையெல்லாம் பூட்டு. அதனால் அண்ணையின் தமிழ்க்கடைப் பின்னறை எங்களுக்குச் சொந்தம். அண்ணை கடைக்காரர், எங்களில் மூத்தவர். கோயம்புத்தூரிலிருந்து வந்து கணினி வேலை செய்யும் ஒருவர் எல்லோருக்கும் தம்பி. மூன்றாவது நான், உயர்தரப் பள்ளி ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறவள். நான்காவது ஆள், நான் கட்டவிருந்தவர். அரிசி மூட்டைகளில் சாய்ந்திருந்து, ரோல்ஸ் தின்றுகொண்டு, பதிவு செய்த ஆட்டங்களை ஓடவிட்டுப் பார்ப்போம்.

பார்ப்பது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். இவனுக்குக் கை நீளம், மூளை கட்டை. இவனுக்கு இருபத்திரண்டு வயதாம், கிழவன், தள்ளு. மாட்டுத் தரகன்கூட முதலில் மாட்டைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். எங்களிடம் அந்த மரியாதையும் கிடையாது. ஒருநாள் ஒரு பெடியன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டு அழுதான். தம்பி படத்தை நிறுத்தினார்.

"அக்கா, இது செகண்ட் டைம். இவன் கரியர் அவ்ளோதான்."

"நோவுக்கு அழேல்லையடா தம்பி. விலை விழுந்திட்டுது எண்டு அழுறான்" என்றேன். அண்ணைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அந்த வசனத்தை நினைத்து நான் ஒரு கிழமை பெருமைப்பட்டேன்.

ஆனால் எங்களில் கெட்டிக்காரர் நான் கட்டவிருந்த அவர்தான். ஒரு இரும்புத் துண்டு எத்தனை தரம் வளைந்தால் உடையும் என்று சோதிக்கிற வேலை அவருக்கு. நாங்கள் கத்துவோம், அவர் பேசாமல் இருந்து பார்ப்பார். கடைசியில் தலையைச் சற்றுச் சாய்த்து, இந்த முழங்கால் இத்தனை வருஷம் போகும், அதற்கு மேல் போகாது என்பார். பெரும்பாலும் அப்படியே நடக்கும். அந்த நிதானத்தைப் பார்த்துத்தான் எனக்கு அவரைப் பிடித்தது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே சலரோகம். இன்சுலின் இல்லாமல் ஒருநாளும் ஓடாது. எங்கள் சனம் பெண்பிள்ளைக்கு இப்படி ஒன்று இருந்தால் தாலி ஏறும்வரை மூடி வைக்கும். நான் மூடவில்லை. மேற்கையில் ஒட்டியிருக்கிற, இரத்தத்தில் சீனி பார்க்கிற சென்சர் தெரியத்தக்கதாகக் கையில்லாத சட்டை போட்டுக்கொண்டுதான் அவர் வீட்டுக்கு முதன்முதலாகப் போனேன். அவருடைய அம்மா கையைப் பார்த்தார், தேத்தண்ணிக்குச் சீனி போடலாமோ என்று கேட்டார், அதோடு கல்யாணப் பேச்சை நிறுத்தினார். பிறகு ஒரு நிபந்தனை வந்தது.

"அரசாங்கம் பிள்ளையை நிரந்தரமா எடுக்கட்டும். எடுத்தால் பாப்பம்."

இந்த நாட்டில் ஓர் ஆசிரியரை ஆயுளுக்கும் அரச ஊழியராக ஏற்கமுதல் அரச வைத்தியர் ஒருவர் உடம்பைப் பார்க்க வேண்டும். ஓய்வு பெறும் வயதுவரை இது தாங்குமா என்று அவர் சொல்ல வேண்டும். தாங்காது என்றால் படிப்பிக்கலாம், ஆனால் அந்தப் பதவி இல்லை. எனக்கென்றால் கல்யாணமும் இல்லை. வைத்தியர் குறித்துத் தந்த ஒரே நாளில், ஒரே டெர்மினில், இரண்டு தீர்ப்பு. "அம்மாவை விடும். நான் இருக்கிறன்தானே" என்றார் அவர். நானும் நம்பினேன், மடைச்சி.

அந்த டெர்மினுக்கு முந்தின ஞாயிறு. ஆட்டத்தின் இடைவேளையில் அண்ணைக்குக் குசும்பு பிடித்தது.

"தங்கச்சியையும் ஒருக்கா மதிப்பிட்டுப் பாப்பமே? டொக்டர் பாக்க முன்னம் நாங்கள் பாத்திடுவம்."

நானும் எழும்பி நின்று, அந்தப் பெடியன்களை அளக்கும்போது நிற்பதுபோல இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

"அக்காக்கு ஹைட் ஓகே. டெம்பர்தான் கொஞ்சம் ஓவர்" என்றார் தம்பி.

"நீர் சொல்லும் மாப்பிள்ளை. எத்தினையாவதா எடுப்பீர்?" என்று அண்ணை அவரைக் கேட்டார்.

ஒரு பகிடி போதும். முதலாவது ஆள் இவதான் என்று சொல்லிவிட்டு ரோல்ஸைக் கடித்திருக்கலாம். அவர் தலையைச் சற்றுச் சாய்த்தார். காலிலிருந்து மேலே பார்த்துக்கொண்டு வந்தார். சென்சரில் கண் நின்றது.

"முதல் பத்து வருஷம் ஒரு பிரச்சினையும் இல்லை. பிறகு கண். பிறகு கிட்னி. பிள்ளை பிறக்கிற நேரம் கவனமா இருக்கோணும். முதல் சுற்றில எடுக்கமாட்டன். இரண்டாம் சுற்றுவரை மிஞ்சியிருந்தால் யோசிப்பன்."

தம்பி கீழே பார்த்தார். அண்ணைதான் முதலில் சிரித்தார், அதுவும் சற்றுப் பிந்தி. நானும் சிரித்தேன். இவர்களுக்கு முன்னால் அழுவேனா? அழுதால் என்ன சொல்வார்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன்.

"என்னை என்ன வாங்கவே வந்தனீங்கள்?"

"விளையாட்டுக்குத்தானே சொன்னனான்."

"விளையாட்டுக்கெண்டால் சிரிச்சுக்கொண்டு சொல்லியிருப்பியள்."

அப்போதே அவரை விட்டிருக்கலாம். ஆனால் ஆசை என்று ஒரு சனியன் இருக்கிறதே.

அரச வைத்தியர் ஒரு ஜெர்மன்காரி, நரைத்த தலை, சிரிக்காத முகம். இரத்தப் பரிசோதனைகளைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், காலைத் தட்டிப் பார்த்தார். வகுப்பைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போகும்போது மருந்தை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டார். சொன்னேன். நன்றாகக் கவனித்து வருகிறீர்கள், மறுக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை என்றார். ஒரு கல்லூரிப் பெடியனைக் கழித்துவிட நாங்கள் எடுக்கிற நேரம்கூட அவருக்குத் தேவைப்படவில்லை. வெளியே வந்து நடைபாதைக் கதிரையில் இருந்து அழுதேன். அவ்வளவு சந்தோஷம். முதல் அழைப்பு அவருக்குத்தான்.

பின்னேரம் காரில் வந்து இறங்காமலே என்னை ஏறச் சொன்னார். மடியில் ஒரு பெட்டி. அம்மா தந்துவிட்ட லட்டு.

"அம்மா ஓமெண்டிட்டா. மண்டபம் பாக்கச் சொல்லிட்டா."

"சலரோகம் அப்பிடியேதானே இருக்கு. அம்மா எப்பிடி மனம் மாறினவ?"

இதைக் கேட்க வேண்டும் என்றே காத்திருந்தவர்போல அவர் முகம் மலர்ந்தது.

"நான்தான் விளங்கப்படுத்தினனான். நீர் இடையில போயிட்டால் என்ர பிள்ளை தனிச்சுப் போவானே எண்டு அவ ஒரே அழுகை. நான் சொன்னன், அம்மா, அவள் இப்ப அரசாங்கத்தின்ர ஆள். அவள் செத்தாலும் அவளின்ர பென்ஷனில எனக்கு மாசாமாசம் வரும், நான் சாகுமட்டும் வரும் எண்டு. அதோட கண்ணைத் துடைச்சிட்டா."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்காக வழக்காடி வென்றுவிட்டு வந்த முகம் அது. அவர் பொய் சொல்லவில்லை, பகிடி விடவில்லை. என்னைக் கட்டவேண்டும் என்று உண்மையாகவே நின்று போராடியிருக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கமுடியவில்லை.

லட்டுப் பெட்டியை அவர் மடியிலேயே விட்டுவிட்டுக் கதவைத் திறந்தேன்.

"அம்மாட்டைச் சொல்லுங்கோ, நான் இப்ப சாகிறதாயில்லை. வேற ஆளைப் பாக்கச் சொல்லி."

கதவைச் சாத்தினேன். அவர் கண்ணாடியை இறக்கினார். முகத்தில் கோபமே இல்லை, வெறும் குழப்பம்.

"ஏன், இப்ப நான் என்ன பிழையாச் சொல்லிப்போட்டன்?" என்று கேட்டார்.