சர்வரை நிறுத்திய காலை

சித்தூரில் என் அப்பா, நைனா, போகும் டயாலிசிஸ் மையத்துக்கு டோக்கன் கொடுக்கும் சர்வரை, திருப்பதியில் எங்கள் அலுவலகத்தில்தான் ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதினோம். நைனா வாரத்தில் மூன்று நாள் பாகாலாவிலிருந்து அங்கே போவார். ஒரு முறை தவறினாலும் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அந்த நிலையிலும் பக்கத்து ஆளிடம், "எங்க பாப்பா செஞ்சது இது" என்று சொல்லிக்கொள்வார்.

டேட்டாபேஸுக்கு எங்களிடம் இருந்தவை பத்தே இணைப்புகள்; ஒரே நேரத்தில் பத்துப் பேருக்குத்தான் டோக்கன் பதிய முடியும். டோக்கன் பதிவானதும் இணைப்பை விட்டுவிட வேண்டும், அடுத்தவருக்கு அது வேண்டும். முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை. தெலுங்கிலும் தமிழிலும் குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்த பிறகுதான் பதிவு முடிய வேண்டும் என்றார்.

"மெசேஜ் போற வரைக்கும் கனெக்‌ஷனைப் புடிச்சிக்கினு இருந்தா, ஒருநாள் எல்லாமே நின்னுடும் சார்" என்றேன்.

"நின்னா பாத்துக்கலாம்மா. மெசேஜ் வரலன்னு பேஷன்ட் சண்டைக்கு வந்தா நீயா போவ?"

காத்திருப்போர் வரிசையையும் சர்வரின் நினைவகத்தில் மட்டும் வைக்கச் சொன்னார். டேட்டாபேஸில் எழுதினால் வேகம் குறையுமாம். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. சம்பளம் வாங்குகிறவள், சொன்னபடி எழுதிக் கொடுத்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, குறுஞ்செய்தி அனுப்பும் கம்பெனி படுத்துவிட்டது. பத்து இணைப்புகளும் அதன் பதிலுக்காகக் காத்து நின்றன. பதினோராவது ஆளுக்கு டோக்கன் இல்லை. உள்ளே இயந்திரங்கள் காலியாகக் கிடக்க, நோயாளிகள் வெளியே பெஞ்சில் இருந்தார்கள். நைனாவும் வரிசையில் பேர் கொடுத்துவிட்டு அங்கேதான். கவுன்டருக்கு போன் செய்து, பேரைக் கையால் எழுதிக்கொண்டு உள்ளே விடச் சொன்னேன்.

"டோக்கன் நம்பர் இல்லாம மெஷின் குடுக்க மாட்டாங்க மேடம், ரூல்ஸு" என்றான் அங்கிருந்தவன். அவனைத் திட்டி என்ன பயன்?

குறுஞ்செய்தியை வெட்டிவிட்டு, சர்வரை நிறுத்தித் திரும்பக் கிளப்புவதைத் தவிர வேறு வழியில்லை. கிளப்பினால் நினைவகத்தில் இருக்கும் வரிசை அழிந்துபோகும். எல்லோரும் மறுபடி பேர் கொடுக்க வேண்டும். முதலாளியிடம் சொன்னேன்.

"குடுக்கட்டும்மா, போடு சீக்கிரம்."

போட்டேன். உடனே டோக்கன்கள் ஓடத் தொடங்கின. முதலாளி எல்லோருக்கும் டீ சொன்னார். நானும் நிம்மதியாகக் குடித்தேன்.

மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது நைனா எமர்ஜென்சியில் கிடந்தார். என்னைப் பார்த்ததும் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினார். வேண்டாம் என்று நான் தடுத்தும் கேட்கவில்லை.

"உன் சர்வரு நல்லாத்தாம்மா வந்துச்சு. எல்லாரும் முட்டிக்கினு போய் பேரு சொன்னாங்க. எனக்குத்தான் பேரைச் சொல்ல மூச்சு வரல."