பூஜைக்கு மறுநாள் எழுந்த மெஷின்

கம்ப்யூட்டர் விஷயத்தில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். வேலைக்குக் கூப்பிடுகிறவர்களுக்கும் சீக்கிரமே தெரிந்துவிடும். திருப்பதியில் வீட்டின் முன்னறைதான் என் ஆபீஸ். லாட்ஜ், ஆஸ்பத்திரி, பால் சென்டர் என்று யார் கூப்பிட்டாலும் போய், அவர்களுடைய லினக்ஸ் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறேன். என் பொறுப்பில் ஒரு மெஷின் வந்துவிட்டால், யார் என்ன சொன்னாலும் அதில் நான் போடுவது பழைய இனிட்தான்.

இனிட் என்றதும் பயப்பட வேண்டாம். சுவிட்சைப் போட்டதும் மெஷினுக்குள் முதலில் எழுந்துகொள்ளும் புரோகிராம் அது. தான் எழுந்த கையோடு மற்றவற்றை எழுப்பும். அணைக்கும்போது எல்லாவற்றையும் படுக்கவைத்துவிட்டுக் கடைசியில் தான் படுக்கும். இப்போது வருகிற புதிய முறை எல்லோரையும் ஒரே சமயத்தில் தட்டி எழுப்புகிறது. வேகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒருவர் எழவில்லை என்றால் ஏன் எழவில்லை என்று தேடுவதற்குள் எனக்குத் தலை சுற்றும். பழையதில் அந்தத் தொல்லை கிடையாது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சின்ன ஃபைல், அதன் தலையில் ஒரு எண். எண் வரிசைப்படி எழுப்பிக்கொண்டே போகும். இப்போது இதை எழுப்புகிறேன், எழுந்துவிட்டது, அடுத்தது இது என்று திரையில் வரி வரியாகச் சொல்லிவிடும். எதையும் மூடி மறைக்காது. எனக்கு அதைப் பிடித்துப்போனது அதனால்தான்.

பெங்களூரிலிருந்து சாஃப்ட்வேர் விற்க வந்த ஒருவர் என் திரையைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இன்னுமா வச்சிருக்கீங்க ஆன்ட்டி?" என்று கேட்டார். "உங்க வீட்ல இன்னும் அரிசியிலதானே தம்பி சோறு வடிக்கிறாங்க?" என்றேன். அவர் அதோடு விடவில்லை. நேராக பலமனேர் பால் சென்டர் முதலாளியிடம் போய், அந்த அம்மா போட்டிருக்கும் பழைய சரக்கு ஒருநாள் காலை வாரிவிடும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த பலமனேர் மெஷினைப் பற்றித்தான் இந்தக் கதை.

சுற்றுவட்டாரத்துப் பால் காலையிலும் சாயங்காலமும் அங்கே கேன் கேனாக வந்து இறங்கும். முதலில் எடை, பிறகு கொழுப்புச் சத்து பார்க்கிற டெஸ்டர், பிறகு பிரிண்டரிலிருந்து சீட்டு. சீட்டு வந்த பிறகுதான் பால் கூலருக்குள் போகும். எடை மெஷின், டெஸ்டர், பிரிண்டர் மூன்றையும் ஆட்டிவைப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். கையால் எழுதிக் கொடுத்த காலத்தில் ஏகப்பட்ட சண்டை நடந்திருக்கிறது. அதனால் அச்சடித்த சீட்டு இல்லாமல் இப்போது யாரும் பாலை ஊற்ற மாட்டார்கள்.

சென்டரின் பொறுப்பு ஒரு அக்காவிடம். பிச்சாட்டூரில் பிறந்து பலமனேரில் வாழ்க்கைப்பட்டவர், என்னைவிட மூத்தவர். வீடு வீடாகப் போய்ப் பேசி, மாடு வைத்திருப்பவர்களையெல்லாம் இந்த சென்டருக்குக் கொண்டுவந்தவரே அவர்தான். முன்பெல்லாம் கரண்ட் போய் வந்தால் அந்தக் கம்ப்யூட்டருக்குப் பைத்தியம் பிடிக்கும். எடை மெஷின் தயாராவதற்கு முன்பே அதைப் படிக்கிற புரோகிராம் எழுந்து, ஒன்றும் கிடைக்காமல் மாட்டிக்கொள்ளும். ஒருநாள் காலைப் பால் முழுக்கத் திரிந்து போனது. இன்னொரு தடவை இப்படி ஆனால் சென்டரை மூடிவிட்டுப் பாலை நேராக சித்தூருக்கே ஏற்றிவிடுவேன் என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்கா போன் போட்டு என்னை வரச்சொன்னது அதற்கப்புறம்தான்.

போனேன். இருந்ததைப் பிடுங்கிவிட்டுப் பழைய இனிட்டைப் போட்டேன். முதலில் கடிகாரம், அடுத்து டிஸ்க், பிறகு எடை, டெஸ்டர், பிரிண்டர். எதற்கு எது முன்னால் என்று எண் போட்டேன். நடுவில் ஏதாவது செத்து விழுந்தால் உடனே எழுப்பிவிடு என்று இனிட்டுக்கு ஒரு வரி எழுதிவைத்தேன். எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "அப்போ புள்ளையாருக்கு அப்பறந்தான் மத்த சாமின்னு சொல்லு" என்றார். இதைவிட நன்றாக எனக்கே சொல்ல வராது.

வேலை முடிந்ததும் கம்ப்யூட்டர் பெட்டியின் மூடி சேருமிடத்தில் முதலாளி ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். இந்த அம்மாவைத் தவிர வேறு யாரும் பெட்டியைத் திறக்கக் கூடாது, திறந்தால் அன்றைக்கே வேலை போய்விடும் என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "திறக்க வேண்டிய அவசியமே வராது சார். ஒயரைப் பிடுங்கிப் போட்டுட்டு மறுநாள் சொருகினாலும் தானா எழுந்து நிற்கும்" என்று பீற்றிக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. அந்த சென்டரில் பூஜைக்கு வைத்த எதையும் மறுநாள் காலை வரை தொட மாட்டார்கள். காலைப் பாலை முடித்துக் கூலரைக் காலி செய்து, எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். சாயங்காலப் பால் அன்றைக்கு மட்டும் வேறு ஊருக்குப் போகும். கம்ப்யூட்டரையும் வைக்கப்போகிறேன் என்று அக்கா போன் செய்தார்.

"ஆஃப் பண்ணிடுங்க, ஆனா ஒயரைப் பிடுங்காதீங்க அக்கா."

"ஒயர புடுங்காம எப்டிம்மா தொடைக்கிறது? நீதான சொன்ன, புடுங்கிப் போட்டாலும் எழுந்துக்கும்னு?"

என் பேச்சு என்னிடமே திரும்பி வந்துவிட்டது. பின்வாங்க எனக்கு வருமா? "தாராளமாப் பிடுங்குங்க" என்றேன்.

மறுநாள் காலையில் நானே கிளம்பினேன். உண்மையைச் சொன்னால், அது எழுந்து நிற்கிற அழகை முதலாளி பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்ற ஆசைதான். பஸ்ஸின் முகப்பில் வாழைக்கன்று இன்னும் வாடாமல் ஆடிக்கொண்டிருந்தது, கண்ணாடி நிறைய சந்தனம். காணிப்பாக்கம் வளைவைத் தாண்டும்போது போன் அடித்தது.

"இன்னாம்மா இது, பாதியில நின்னுக்கினு கீது! எல்லாரும் கேனோட நின்னுக்கினு கீறாங்க. மொதலாளி வேற வந்துட்டாரு."

பயம்தான். அதைக் குரலில் காட்டவில்லை. "திரையில கடைசி வரி என்ன இருக்குன்னு படிங்க அக்கா" என்றேன். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். டிஸ்க்கில் கடைசியாக எழுதிய நேரம் வருங்காலத்தில் இருக்கிறது என்று இங்கிலீஷில் அந்த வரி சொன்னது. அதற்குக் கீழே, எல்லாவற்றுக்கும் சாவியான ரூட் பாஸ்வேர்டைக் கொடு என்று கேட்டுக்கொண்டு நின்றிருந்தது.

எனக்கு உடனே பிடிபட்டது. கடிகாரம் செத்துவிட்டது. மெஷின் பல வருஷம் பின்னால் போய் எழுந்திருக்கிறது. அதற்கு நேற்று நடந்ததெல்லாம் இனிமேல் நடக்கப்போவதாகத் தெரிகிறது. இது சரியில்லையே என்று டிஸ்க்கைச் சோதிக்கிற ஃபைல் மேலே போகாமல் நின்றுவிட்டது. நின்றது மட்டுமில்லை, காரணத்தையும் சொல்லிவிட்டு நின்றிருக்கிறது. என் பழைய சரக்குக்கு அந்த நிமிஷம் ஒரு கும்பிடு போட்டேன்.

"அக்கா, கேன் மேலெல்லாம் ஈரச் சாக்குப் போடச் சொல்லுங்க. இப்போ நான் சொல்ற பாஸ்வேர்டை அடிங்க." பஸ் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. பெங்களூர்க்காரர் மேல் இருந்த கடுப்பில் நான் வைத்த பாஸ்வேர்டு அது. பஸ்ஸே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்: "வாலாட்டாதே!"

"யாரம்மா சொல்ற?"

"பாஸ்வேர்டு அக்கா, பாஸ்வேர்டு!" கண்டக்டர் என்னிடம் சில்லறை கேட்க வந்தவர் அப்படியே அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அன்றைய தேதியையும் நேரத்தையும் அடிக்கவைத்தேன். அதைக் கடிகாரத்திலும் ஏற்றச் சொல்லி, மறுபடி மெஷினை எழுப்பச் சொன்னேன். அக்கா போனைக் காதில் வைத்தபடியே வரி வரியாகப் படித்தார். "கடிகாரம், ஓகே. டிஸ்க்கு... ஓடுது, ஓடுது... ஓகே. எடை, ஓகே. டெஸ்டர், ஓகே." பிரிண்டர் கர்ரென்று சத்தம் போட்டது எனக்கே கேட்டது. பின்னால் யாரோ கேனை நகர்த்தினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு கண்டக்டரைக் கூப்பிட்டுச் சில்லறை கொடுத்தேன்.

சித்தூரில் பஸ் மாறும்போது, ஸ்டாண்டுக்கு எதிரே வாட்ச் ரிப்பேர் கடையில் ஒரு வட்ட பேட்டரி வாங்கினேன். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் இல்லாத நேரத்தில் உள்ளே கடிகாரத்தை ஓட்டுவது இந்தச் சின்ன பேட்டரிதான். அதற்கு ஆயுசு முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பால் முழுக்கக் கூலருக்குள் போய்விட்டது. ஒரு துளி கெடவில்லை. முதலாளி பொரியும் சுண்டலும் வைத்த தட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பெட்டியின் பக்கத்தில் குந்தினேன்.

ஸ்டிக்கரின் ஒரு முனை சுருண்டிருந்தது. பிரித்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள்.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு தூசி இல்லை. ஃபேனின் ஒவ்வொரு இறக்கையும் பளிச்சென்று துடைத்திருந்தது. ஃபேனில் ஒரு பொட்டு, டிஸ்க்கின் மேல் ஒரு பொட்டு. அந்த வட்ட பேட்டரியின் மேலும் ஒரு பொட்டு. நெம்பி எடுத்துத் திருப்பினேன். பின்பக்கமும் சந்தனம் காய்ந்து கெட்டியாக, அதன் நடுவில் குங்குமம். கரண்ட் போக வழியே இல்லை. பேட்டரி சாகவில்லை. அடியில் தொடுகிற இடத்தைச் சந்தனம் மறைத்துவிட்டது.

அக்கா தண்ணீர் பைப்போடு பக்கத்தில் வந்து நின்றார். முதலாளிக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார். "காசு மாதிரி மின்னுச்சும்மா. எல்லாத்துக்கும் வச்சிட்டு அதுக்கு மட்டும் வெக்காம வுட மனசு வர்ல. எடுத்துத் தொடச்சி ரெண்டு பக்கமும் வச்சி, திருப்பி மாட்டிட்டேன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என் மெஷினில் ஒரு குற்றமும் இல்லை, என் பேச்சில் ஒரு வார்த்தை பொய்யில்லை என்பதற்கான அத்தாட்சி என் உள்ளங்கையிலேயே இருந்தது. அதை முதலாளியிடம் நீட்டினால் போதும். பெங்களூர் வரைக்கும் என் பேர் போகும்.

"ஏமாயிந்திம்மா?" என்றார் முதலாளி நாற்காலியிலிருந்தே. என்ன ஆச்சு என்று கேட்கிறார். "யாராச்சும் பெட்டிய தொறந்தாங்களா? நிஜம் செப்பு."

அக்காவின் கையிலிருந்த பைப் தண்ணீரை என் காலில் ஊற்றிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

"இல்ல சார்," என்றேன். "பேட்டரி செத்துப்போச்சு. முன்னாடியே மாத்தியிருக்கணும். தப்பு என்னுதுதான்."

இந்த வார்த்தையை நான் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "அப்போ பெங்களூர்க்காரன் சொன்னது கரெக்டுதான். பழசு பழசுதான்!" நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடித்த இடம் நிஜமாகவே வலித்தது. அவர் பொரியை மென்றுகொண்டே கூலரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "ஆனா பால் கெடல. இந்தம்மா போன்லயே நிமிர்த்திட்டா. சரே, சென்டர் உண்டனீ." இருக்கட்டும் என்றார். தட்டை வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

வண்டிச் சத்தம் அடங்கிய பிறகு அக்கா ஒரு கிண்ணம் நிறையச் சுண்டல் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "துன்னும்மா" என்றார். தண்ணீரை நிறுத்திவிட்டு வந்து, "நீ தப்ப ஒத்துக்கிற ஆளே இல்லியே" என்றார்.

"இன்னைக்கு ஒருநாள்தான் அக்கா. பழக்கமாக்கிடாதீங்க."

சிரிக்கத் தொடங்கியவர் அப்படியே முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டார். நான் சுண்டலைத் தின்றுகொண்டு சுவரைப் பார்த்தேன்.

அன்று மதியமே பாஸ்வேர்டை மாற்றினேன். இனிட்டில் புதிதாக ஒரு ஃபைலும் சேர்த்தேன். கடிகாரத்துக்கு அடுத்த எண், டிஸ்க்குக்கு முன்னால். கடைசியாக மெஷின் படுத்த நேரத்தைக் குறித்துவைத்துக்கொள்ளும். எழும்போது கடிகாரம் அதைவிடப் பின்னால் போயிருந்தால் இழுத்து முன்னால் கொண்டுவந்துவிடும். அதற்கு வைத்த பெயர் குங்குமம். முதலாளியிடம் நான் மறைத்ததை மெஷினிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

இப்போதும் காலையில் மெஷின் எழும்போது, கேனோடு நிற்கிற எல்லோர் முன்னாலும் "குங்குமம், ஓகே" என்று அந்த வரி ஓடும். முதலாளியே ஒருநாள் அது என்னவென்று கேட்டாராம். "அது சாமி வெவகாரம் சார், அது சரியா இருந்தாதான் மத்ததெல்லாம் எழுந்துக்கும்" என்று அக்கா சொல்லியிருக்கிறார். அவரும் தலையாட்டிவிட்டு, திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போயிருக்கிறார்.