கைராசி இல்லாத பெட்டி

கூமுட்டை உடையும்போது வரும் நாற்றத்தை ஒரு முறை முகர்ந்தவர்கள் மறப்பதில்லை. குப்பைமேட்டில் குழி தோண்டிப் புதைத்த பிறகும் அது விரலில் ஒட்டிக்கொண்டிருக்கும், சோப்புப் போட்டாலும் போகாது, அன்றைக்குச் சோற்றில் கை வைக்கவே பிடிக்காது. நான் ஆறாவது படித்த வருஷம், ஐப்பசி மழையில், எங்கள் கொட்டகையில் அடைக்கு உட்கார்ந்திருந்த கோழியின் கூடையிலிருந்து ஒன்றிரண்டு தவிர மற்ற முட்டைகளெல்லாம் அப்படித்தான் நாறிப்போய் வெளியே வந்தன. அந்தப் பழி முழுவதும் எங்கள் வசந்தா சித்தியின் தலையில் விழுந்தது.

விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகள் வரிசையாக இருக்கும் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே கூரை, ஒரே அடுப்பு. சித்தப்பா சூளையில் வேலை பார்த்தார். சித்தி பொம்மை செய்யும் இடத்தில், அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளின் பிசிறைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து வைக்கும் வேலை. பிள்ளையார் காது, யானைத் தும்பிக்கை என்று தொட்டாலே உடைந்துவிடக்கூடியவற்றைத் தேடிப் பிடித்து அவரிடம்தான் கொடுப்பார்களாம். அவ்வளவு பதமான கையைத்தான் எங்கள் வீட்டில் 'ராசியில்லாத கை' என்றார்கள். கல்யாணமாகி ஏழெட்டு வருஷமாகியும் சித்திக்குக் குழந்தை இல்லை. வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

எங்கள் பக்கத்தில் கோழியை அடை வைக்கக் 'கைராசி' உள்ளவர்தான் வேண்டும். எங்கள் வீட்டுக்கு அது அப்பாவின் அக்கா, நல்லூரில் வாழ்க்கைப்பட்ட அத்தை. ஐந்து பெற்று ஐந்தையும் ஆளாக்கியவர். பஸ் ஏறி வந்து, கூடையில் தவிடும் வைக்கோலும் பரப்பி, இடிக்குப் பயந்து ஒரு துண்டு கரியும் இரும்பு ஆணியும் போட்டு, முட்டைகளை ஒவ்வொன்றாக வைத்துக் கோழியை உட்கார வைப்பார். அந்த நேரத்தில் சித்தி கொல்லைப்பக்கம் போய்விட வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை, சித்தியே போய்விடுவார். அத்தை கெட்டவர் இல்லை. எப்போது வந்தாலும் எனக்கென்று ஒரு பை முறுக்கு கொண்டுவருவார். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போடவாவது சுலபமாக இருந்திருக்கும்.

அந்த ஐப்பசியில் கொட்டகை ஒழுகியபோது வீட்டில் வேறு யாரும் இல்லாததால் சித்திதான் கூடையைத் தூக்கி உலர்ந்த மூலைக்கு மாற்றினார். மிரண்டு இறங்கிய கோழி வெகுநேரம் கூடைக்குத் திரும்பவில்லை, முட்டைகள் குளிர்ந்துவிட்டன. மாற்றாமல் விட்டிருந்தால் எல்லாம் நனைந்து வீணாகியிருக்கும். இதை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இல்லை. அத்தை வந்து பார்த்துவிட்டு, "யாரு கை பட்டுது?" என்று மட்டும் கேட்டார். அம்மா சித்தியைத் திரும்பிப் பார்த்தார். அத்தைக்கு அது போதும்.

"தம்பிக்கு எப்பவோ ஒரு வழி பண்ணியிருக்கணும். இப்பவும் ஒண்ணும் கெட்டுப் பூடல. இங்க பக்கத்துல மங்களூர்ல ஒரு பொண்ணு இருக்குது," என்று அத்தை அம்மாவிடம் சொன்னது அடுக்களையில் இருந்த சித்தியின் காதில் விழும்படிதான் இருந்தது. எனக்கும் புரிந்தது. சித்தப்பாவுக்கு இன்னொரு கல்யாணம் என்றால் சித்தி எங்கே போவார் என்று அன்று முழுக்க யோசித்து, பதில் தெரியாமல் அழுதேன்.

சித்தி அழவில்லை. மார்கழி பிறந்ததும் ஒரு நாள், ஊசிமருந்து வரும் தெர்மாகோல் பெட்டி ஒன்றை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி வந்தார். அதன் பக்கத்தில் ஓட்டை போட்டு, சூட்டுக்கு உருகாத பீங்கான் ஹோல்டரில் குண்டு பல்பு மாட்டி, அடியில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை உள்ளே படுக்க வைத்தார். கூட வேலை பார்த்த ஒருவர் வீட்டில் இப்படிக் குஞ்சு பொரித்ததைப் பார்த்திருக்கிறாராம். சேர்த்து வைத்திருந்த முட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு வந்து எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

"முட்டைய நான்தான் வெப்பேன். இந்தக் கையாலதான் வெப்பேன். எல்லாரும் பாத்துக்கோங்க."

"வேணாம் வசந்தா," என்றார் அம்மா. "இதுவும் கூமுட்டையாப் பூட்டா அவங்க வாய மூட முடியாது. பொங்கலுக்கு வராங்க."

"வரட்டும்க்கா," என்று சொல்லிவிட்டுச் சித்தி முதல் முட்டையை வைத்தார்.

அரைப் பரீட்சை லீவு முழுவதும் அந்தப் பெட்டியோடு போயிற்று. முட்டையின் ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் பென்சிலால் போட்டிருந்தோம். காலை, மதியம், சாயங்காலம் திருப்பி வைக்க வேண்டும். அந்தத் தெர்மாமீட்டர் ஏறினால் தானாக இறங்காது. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரி நர்ஸ் மாதிரி உதறிவிட்டுத்தான் மறுபடி வைக்க வேண்டும். ஒரு மத்தியானம் போர்வைக்குள் புகுந்துகொண்டு முட்டைக்குப் பின்னால் டார்ச் அடித்தபோது, சிவப்பு நரம்பு கிளைவிட்டு ஓடுவதையும் நடுவில் ஒரு புள்ளி துடிப்பதையும் பார்த்தேன். சித்தியும் குனிந்து பார்த்தார். பிறகு, "கை சும்மாதான் இருக்குது, பாத்தியா? சூடுதான் எல்லாம் பண்ணுது," என்றார்.

பொரிக்கும் சமயத்தில் கரண்டு போனது. அப்போதெல்லாம் கரண்டு போவது செய்தியே இல்லை, வருவதுதான் செய்தி. ஆனால் அன்று தூறலும் பனியுமாக இருந்தது, காலையில் போனது மதியம் தாண்டியும் வரவில்லை. தெர்மாமீட்டரை உதறிவிட்டு வைத்தால் பாதரசம் மேலே ஏறவே மாட்டேன் என்றது. அத்தை சொன்னதுதான் நடக்கப்போகிறது என்று பயந்துபோனேன். அந்த நேரத்தில்தான் அம்மா, கம்பெனியில் கழித்துவிட்டதென்று சித்தப்பா கொண்டுவந்து கொல்லையில் போட்டிருந்த, கரண்டுக் கம்பத்தில் மாட்டும் விரிசல் விழுந்த பீங்கான் இன்சுலேட்டர்களைப் பொறுக்கி வந்து அடுப்பில் வைத்தார். சுட்டதைப் பழைய புடவையில் சுற்றி, பெட்டிக்குள் வைக்கச் சித்தியிடம் நீட்டினார். ஆறியதை வாங்கி அடுத்ததைக் கொடுத்தார். அன்று அவர் உலை வைக்கவே இல்லை. ஐப்பசியில் திரும்பிப் பார்த்த பார்வைக்கு அம்மா வாயால் ஒன்றும் சொல்லவில்லை, அடுப்பை விட்டு நகரவும் இல்லை.

கரண்டு வந்த பிறகு முட்டைக்குள்ளிருந்து 'கீச்' என்று முதல் சத்தம் கேட்டது. ஓடு வெடித்து, ஈரத்தோடு, பார்க்கவே சகிக்காத ஒன்று தலையை நீட்டியது. நான் சித்தியைக் கட்டிக்கொண்டேன். எல்லாம் பொரிக்கவில்லை, சில உள்ளேயே செத்திருந்தன. சித்தி அவற்றை மறைக்காமல் அம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் புதைத்தார்.

பொங்கலுக்கு வந்த அத்தை, கொல்லையில் தவிட்டைக் கிளறிக்கொண்டிருந்த குஞ்சுகளைப் பார்த்து நின்றுவிட்டார். உண்மையாகவே அவர் முகம் மலர்ந்தது, அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். சித்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ஒங் கைக்கும் ராசி வந்துடுச்சு வசந்தா. அடுத்த பொங்கலுக்கு ஒம் மடியில ஒண்ணு இருக்கும் பாரு. மங்களூர்க்காரங்களுக்கு நான் வேணாம்னு சொல்லிடறேன்," என்றார்.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சித்தி ஜெயித்துவிட்டதாக நான் குதித்தேன். சித்தி மட்டும் கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"குஞ்சு பொரிச்சது பல்பு சூட்டுல அண்ணி. எங் கையில ராசியும் வரல, முன்ன தோஷமும் இல்ல. எனக்குக் கொழந்த பொறந்தாலும் பொறக்காட்டியும் இது இதே கைதான். குஞ்சு பொரிச்சதுக்காக மங்களூர வேணாம்னு சொல்லாதீங்க. நான் இந்த வூட்டுல இருக்கறேன், அதுக்காகச் சொல்லுங்க."

சித்தப்பாவும் அங்கேதான் இருந்தார். அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், பேசவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் இரண்டாம் கல்யாணப் பேச்சு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எழவே இல்லை.

இப்போது கோழி அடை வைக்க யாரும் யாரையும் பஸ்ஸில் வரவழைப்பதில்லை. போனில் ஆர்டர் போட்டால் தானே முட்டையைத் திருப்பும் பெட்டி வீட்டுக்கு வந்துவிடுகிறது. சித்தியும் ஒன்று வைத்திருக்கிறார், ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தெல்லாம் முட்டை கொண்டுவந்து கொடுத்துப் பொரித்து வாங்கிப் போகிறார்கள். யாருடைய கை என்று ஒருவரும் கேட்பதில்லை. கோழி விஷயத்தில் கைராசி என்ற சொல்லே எங்கள் தெருவில் காணாமல் போய்விட்டது. போகட்டும், எனக்கு அதில் துளி வருத்தமும் கிடையாது. மனுஷர் விஷயத்தில்தான் அது இன்னும் திடகாத்திரமாக இருக்கிறது.

சித்திக்குக் குழந்தை பிறக்கவில்லை. எனக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்களாகின்றன, எனக்கும் இல்லை. போன மாதம் நல்லூரில் அத்தையின் பேத்திக்கு வளைகாப்பு. வரிசையில் எங்கள் முறை வந்தபோது தட்டைப் பிடித்திருந்த பெண் குரலைத் தாழ்த்தி, "நீங்க ரெண்டு பேரும் தப்பா நெனச்சுக்காதீங்க, சந்தனம் மட்டும் பூசிட்டுப் போங்களேன்," என்றாள். சித்தி தட்டிலிருந்து வளையல்களை எடுத்து, அந்தப் பிள்ளைத்தாச்சியின் கையைப் பிடித்து, நிதானமாக ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். அடுத்து நான் போட்டேன். பிறகு பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.