வலி கேட்டு ஜெபித்தேன்

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, போன வருஷம் இதே இடத்தில் நின்று ஒரு சாட்சி சொன்னேன். என் வீட்டுக்காரர் காலில் அவ்வளவு பெரிய புண் இருந்தும் துளி வலிகூட இல்லை, கர்த்தர் தாங்குகிறார் என்றேன். நீங்களும் கை தட்டினீர்கள். இன்று அதைத் திருத்திச் சொல்ல வந்திருக்கிறேன்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கம். அவருக்கு இங்கே வங்காளத்தில் துறைமுக வேலை, கார்டன் ரீச்சில் குடியிருப்பு. நெடுநாளாகச் சர்க்கரை உண்டு. துர்கா பூஜை நெருங்கிய சமயம் புது ஷூ போட்டு ஆபீசுக்குப் போனார். சாயங்காலம் கழற்றினால், சாக்ஸ் ரத்தத்தில் கணுக்காலோடு ஒட்டிக் கிடக்கிறது. "ஷூ கடிச்சிருக்கு போல, எனக்கு ஒண்ணுமே தெரியலையே" என்று சிரித்தார். மஞ்சள் வைத்தேன், களிம்பு தடவினேன், ஜெப எண்ணெய் பூசினேன். புண் ஆறாமல் அகன்றுகொண்டே போனது. நாற்றமும் சேர்ந்துகொண்டது. அவர்தான் வலிக்கவில்லை என்கிறாரே என்று நானும் இருந்துவிட்டேன்.

காய்ச்சல் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வலி இல்லாததுதான் ஆபத்து, சர்க்கரையால் நரம்பு உணர்ச்சி போய்விட்டது, காலை எடுக்க வேண்டி வரலாம் என்றார் டாக்டர். ஐயோ, எதற்காக நான் ஸ்தோத்திரம் சொன்னேனோ, அதுதான் அவர் காலைத் தின்றுகொண்டிருந்தது!

வீட்டுக்கு வந்ததும் அவர், "இனி செருப்பு ஒத்தையா வாங்குனா போதும்ட்டி" என்றார். "வாயக் கழுவுங்க" என்று கத்திவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஜெபிக்கவும் முடியவில்லை. "ஆண்டவரே" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

கீழ்வீட்டுப் பெங்காலி அண்ணி, பௌதி என்றுதான் கூப்பிடுவோம், அவர் லேக் கார்டன்ஸில் ஒரு கிளினிக்கில் இப்படிப்பட்ட புண்ணுக்கு லேசர் சிகிச்சை தருகிறார்கள் என்றார். போனோம். அழுகிய சதையை எடுத்துக் கட்டுப் போட வேண்டும், சர்க்கரையை அடக்க வேண்டும், கூடவே லேசரும் வைத்துப் பார்க்கலாம், உறுதி எதுவும் தர முடியாது என்றார் அங்கிருந்த டாக்டர்.

லேசர் வைப்பவள் மௌசுமி என்ற பெண். எல்லோரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வோம். புண்மேல் சிவப்பாக ஒரு வெளிச்சம் விழும். சூடும் இல்லை, சத்தமும் இல்லை. டார்ச் அடித்தா புண் ஆறும் என்று எனக்கு எரிச்சல். ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் அவள் மெல்லிய தூண்டில் நரம்பு போன்ற ஒன்றால் புண்ணைச் சுற்றி அழுத்தி, "லாக்சே?" என்பாள். வலிக்கிறதா என்று பெங்காலியில் கேட்கிறாள். "நா" என்பார் இவர். அந்த 'இல்லை'யைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வரும். அவர் செருப்பு இரண்டையும் மடியில் வைத்தபடி உட்கார்ந்திருப்பேன்.

அங்கேதான், எந்தப் பெண்சாதியும் புருஷனுக்காகக் கேட்காததைக் கேட்டேன். "ஆண்டவரே, அவருக்கு வலியைக் கொடும்."

வாரங்கள் போயின. "நா" மட்டும் மாறவில்லை. காலம் தப்பிப் பெய்த மழைத்தண்ணீர் தெருவில் நின்ற ஒருநாள், பாலித்தீன் சுற்றிய காலோடு அவரைக் கூட்டிப்போனேன். மௌசுமி அழுத்தினாள். இவர் காலை வெடுக்கென்று இழுத்தார்.

"ஆ! ஏட்டி, வலிக்குட்டி!"

"லாக்சே?" என்றாள் அவள், நம்பாமல்.

"லாக்சே, லாக்சே!"

"ஸ்தோத்திரம்!" என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். புருஷன் வலியில் துடிக்கிறார், பெண்டாட்டி ஸ்தோத்திரம் சொல்கிறாள்! மௌசுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓரத்தில் துளிர்த்திருந்த சிவப்புச் சதையைக் காட்டினாள்.

புண் இப்போது மூடிவிட்டது. கால் இருக்கிறது. சர்க்கரையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. மறுபடி வரலாம் என்கிறார்கள். என் கையில் ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். நீங்களும் ஆண்டவரையே நம்புங்கள். ஆனால் வலிக்காத புண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு என்னைப் போலக் காத்திராதீர்கள். டாக்டரிடம் கூட்டிப்போங்கள், அங்கேயே உட்கார்ந்து ஜெபியுங்கள். எதைக் கேட்பதென்று தெரியாமல் நின்றவளுக்கே அவர் இரங்கினார்.

தினமும் காலை ஜெபம் முடிந்ததும் என் வீட்டுக்காரர் காலைப் பிடித்து, தழும்பைச் சுற்றி அழுத்தி, "லாக்சே?" என்பேன்.

"லாக்சேட்டி, விடு" என்று எரிந்து விழுவார்.

அதைக் கேட்ட பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பேன்.